குறுக்கிடாமல் பார்ப்பவர்கள்

ஆர்.கே.புரம், புது தில்லி
11 நவம்பர் 2024

ப்ரீதாவுக்கு,

மாதங்கி எழுதுகிறேன். எம்.ஏ. உளவியல் வகுப்பில் உன் பக்கத்து நாற்காலி. இருபது வருஷம் கழித்து வருகிற கடிதம் என்பதால் யார் என்று சொல்லித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

உங்கள் பள்ளி ஆண்டு விழாப் படத்தை யாரோ இணையத்தில் போட்டிருந்தார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாய். முடி நரைத்திருக்கிறது. கழுத்தைச் சாய்த்துப் பார்க்கிற பார்வை மட்டும் மாறவில்லை. படத்துக்குக் கீழே பள்ளியின் தொலைபேசி எண் இருந்தது. என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவாய் என்று பயந்து கூப்பிடவில்லை. கடிதம் என்றால் கிழிப்பதற்கு முன்னால் ஒரு தடவையாவது படிப்பாய்.

விஷயம் இதுதான். நான் இங்கே ஒரு கல்லூரியில் உளவியல் கற்பிக்கிறேன். முதல் வருஷ மாணவர்களுக்காகத் தமிழில் ஒரு பாடநூல் எழுதித் தரச் சொல்லி ஒரு பதிப்பகத்தார் கேட்டார்கள். உளவியல் ஆய்வு முறைகளுக்கு ஓர் அறிமுகம். லக்ஷ்மிபாய் நகர் தமிழ்ப் பள்ளியில் படித்தவள் என்கிற தைரியத்தில் அச்சா என்று தலையாட்டிவிட்டேன். இப்போது ஒவ்வொரு வரிக்கும் அகராதி தேடுகிறேன். கருத்துக் கணிப்பும் நேர்காணலும் ஒருவழியாக முடிந்தன. மூன்றாம் அத்தியாயம் கவனித்தல் முறை. அதில் நின்றுபோனேன்.

மற்ற புத்தகங்களில் இருக்கிற உதாரணங்களில் எல்லாம் வெளிநாட்டுக் குழந்தைகள் வெளிநாட்டு மணலில் விளையாடுகிறார்கள். நமக்குக் கிட்வாய் நகர் பூங்கா இருந்ததே என்று தோன்றியது. அந்தக் குளிர்காலத்து வெயில், சிமென்ட் பெஞ்ச், காகிதப் பொட்டலத்தில் மூங்ஃபலிக் கடலை. நாம் பீப் ஒலி பதிவு செய்து வைத்திருந்த வாக்மேன், ஒரே இயர்ஃபோன், உனக்கு ஒரு காது எனக்கு ஒரு காது. பீப் அடித்ததும் தலைநிமிர்ந்து, எந்தக் குழந்தை என்ன செய்கிறது என்று குறிப்போம். நீ எழுதுவதை நான் பார்க்கக் கூடாது, நான் எழுதுவதை நீ பார்க்கக் கூடாது. நடுவில் உன் பையை வைத்துச் சுவர் கட்டுவாய்.

சுற்றியிருந்த அரசுக் குடியிருப்பு வீடுகளும் பூங்காவும் இப்போது இல்லை. இடித்துவிட்டு உயரமான கட்டடங்கள் கட்டியிருக்கிறார்கள். நம் பெஞ்ச் இருந்த இடம் எது என்று கண்டுபிடிக்கப் போனேன். முடியவில்லை.

நான் எழுதியிருக்கிற பகுதி இது:

“இரு ஆய்வாளர்கள் ஒரு பூங்காவில் குழந்தைகளின் விளையாட்டைக் கவனித்தனர். ஒருவர் குறிப்பை மற்றவர் பாராமல் தனித்தனியே பதிவு செய்தனர். ஒருநாள், ஒரு குழந்தை துன்புறுத்தப்படுவதாக எண்ணி ஓர் ஆய்வாளர் குறுக்கிட்டார். தாம் கவனிக்கப்படுவதைக் குழந்தைகள் அறிந்துகொண்டனர். அவர்களது இயல்பான நடத்தை மாறியது. அதுவரை திரட்டிய தகவல் முழுவதும் கைவிடப்பட்டது. கவனிப்பவர் குறுக்கிடலாகாது என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.”

உன் பெயர் இல்லை. இருந்தாலும் உன் சம்மதம் இல்லாமல் இதை அச்சுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மாதங்கி


வடசேரி, நாகர்கோவில்
23 நவம்பர் 2024

மாதங்கிக்கு,

கடிதம் கிடைச்சது. சம்மதம் இல்ல.

அதோட நிறுத்தியிருப்பேன். ஆனா அந்தப் பத்தியில ஒரு சொல்லு கண்ணுல விழுந்த தூசி மாதிரி உறுத்திக்கிட்டே இருக்கு. “துன்புறுத்தப்படுவதாக எண்ணி.” எண்ணியா? நீயும் அதே பெஞ்சுலதான இருந்த? ஊஞ்சல் கம்பத்துல அந்தப் பிள்ளைய மஃப்ளரால கட்டி வெச்சுட்டு எல்லாப் பிள்ளைகளும் ஓடிப்போச்சு. அவ முதல்ல சிரிச்சா. அப்புறம் சிரிப்பு நின்னுச்சு. அப்புறம் வாயத் தொறந்தா, சத்தமே வரல. நான் எந்திரிக்கப் போனேன். நீ என் மணிக்கட்டப் பிடிச்ச. “பீப் வரட்டும்”ன்ன. பீப் வந்துச்சு. நீ குனிஞ்சு எழுதுன. நான் காதுல இருந்து இயர்ஃபோனப் பிடுங்கிப் போட்டுட்டுப் போனேன்.

இதுல நான் என்னத்த எண்ணுனேன்?

அடுத்த நாள், நம்ம ஆய்வுக்கு வழிகாட்டுன சுந்தரேஷ் சார் எல்லாத் தாளையும் மேசையில ஓரமா தள்ளி வெச்சுட்டு, வேற பார்க்கப் பாருங்கன்னாரு. உனக்கு ஒரு செமஸ்டர் போச்சு. அது எனக்குத் தெரியும். அதுக்கு நீ என்கிட்ட பேசாம இருந்ததும் தெரியும். நான் படிப்ப விட்டுட்டு ஊருக்குக் கெளம்புனப்போ நிஜாமுதீன் ஸ்டேஷனுக்கு நீ வரல. ரயில் நகருற வரைக்கும் வாசல்லயே நின்னேன்.

அந்தப் பிள்ளைக்கு ஒரு பேரு உண்டு. ருக்கு. உன் பத்தியில அவ வெறும் “ஒரு குழந்தை.” என்கிட்ட சம்மதம் கேக்கியே, அவகிட்ட கேட்டியா? கட்டி வெச்சது என்னையா, அவளையா?

ப்ரீதா


ஆர்.கே.புரம்
4 டிசம்பர் 2024

ப்ரீதாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு வகுப்புகள் எடுத்தேன். என்ன நடத்தினேன் என்று எனக்கே தெரியாது.

ஸ்டேஷனுக்கு நான் வராதது கோபத்தில்தான். அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். பீப் வரட்டும் என்று சொன்னதும் உண்மை. அன்று எனக்குத் தெரிந்தது அதுதான். மழையில் நனைகிறதே என்று குடை பிடித்தால் மழைமானி எதைக் காட்டும் என்று சார் கேட்பாரே, நாம் இருவரும்தானே தலையாட்டினோம்? இன்றைக்கும் என் மாணவர்களுக்கு அதைத்தான் சொல்லித்தருகிறேன். குழந்தைக்கு ஆபத்து என்றால் ஆய்வை நிறுத்து என்று இப்போது விதியில் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் எது ஆபத்து, எது விளையாட்டு என்று அந்த நிமிஷத்தில் பெஞ்சில் உட்கார்ந்தபடி யாரால் சொல்ல முடியும்? நீ எழுந்திருக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பலதடவை யோசித்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளே வந்து அவிழ்த்துவிட்டிருக்கலாம். விடாமலும் போயிருக்கலாம். ஒரே மாலையை இரண்டு விதமாக நடத்திப் பார்க்க வாழ்க்கையில் வழி இல்லையே. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு கிடையாது.

ஆனால் கடைசியில் ருக்குவைப் பற்றிக் கேட்டாயே, அதற்கு வருகிறேன். அவளிடம் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்கத் தோன்றவில்லை. அப்போது பொது இடத்தில் பார்ப்பதற்கு யார் அனுமதியும் வேண்டாம் என்பது வழக்கம். இப்போது என் மாணவி ஒருத்தி அப்படி ஓர் ஆய்வைக் கொண்டுவந்தால் நானே கையெழுத்துப் போட மாட்டேன். அப்படி இருந்தும் எழுதும்போது இது என் மூளையில் உறைக்கவில்லை.

தேடுகிறேன். நீதான் அன்று அவளை வீட்டில் கொண்டு விட்டாய். நினைவிருப்பதை எழுது. எனக்கு அவள் பெயரே உன் கடிதத்தில்தான் தெரிந்தது. நம் தாள்களில் அவளுக்கு ஓர் எண் மட்டும்தான்.

இங்கே புகைமூட்டம். முகக்கவசம் இல்லாமல் வெளியே போக முடியவில்லை. நாம் படித்த காலத்தில் டிசம்பர் என்றால் இப்படியா இருந்தது? புல்வெளியில் தலைவைத்துப் படுத்து வெயில் காய்ந்தோமே.

மாதங்கி


வடசேரி
15 டிசம்பர் 2024

மாதங்கி,

தேடுறேன்னு சொன்னியே, அதுக்காக எழுதுறேன்.

டைப் டூ கவர்மெண்ட் குவார்ட்டர்ஸ், மாடி வீடு. படியில சைக்கிள் நிப்பாட்டியிருந்துச்சு. அவ அம்மா பேரு அனந்தலக்ஷ்மி. கதவுல இருந்த பலகையில அப்பா பேரு, சங்கரநாராயணன். ஏதோ ஒரு மினிஸ்ட்ரியில கிளார்க். கார்த்திகைக்கு மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போவோம்னு அந்த அம்மா சொன்ன ஞாபகம்.

அவ அம்மா கதவத் தொறந்துட்டு, “நீங்க யாரு?”ன்னு கேட்டாங்க. எனக்குச் சொல்லத் தெரியல. “பார்க்குல உக்காந்து பிள்ளைகளப் பாத்துட்டிருப்போம், காலேஜ் வேல”ன்னேன். மஃப்ளரு, கம்பம், எல்லாம் சொன்னேன். அவங்க முகம் மாறிட்டு. “பாத்துண்டே இருந்தேளா?”ன்னு கேட்டாங்க. கோவமா இல்ல. புரியாமதான் கேட்டாங்க. அப்புறம் உள்ள கூப்பிட்டுக் காப்பி குடுத்தாங்க. டம்ளர அப்படியே வெச்சுட்டு வந்துட்டேன்.

நான் படிப்ப விட்டதுக்கு உன் கோவமோ சாரோ காரணம் இல்ல, மாதங்கி. நீ அப்படி நெனச்சிட்டிருந்தா தெரிஞ்சுக்கோ. அந்த ஒரு கேள்விதான். ஹாஸ்டலுக்கு பஸ்ல வரும்போது பூரா காதுல அதுதான் கேட்டுச்சு. அதுக்கப்புறம் அந்த பெஞ்சுல மட்டுமில்ல, எந்த பெஞ்சுலயும் என்னால உக்கார முடியாதுன்னு தெரிஞ்சு போச்சு.

இப்பம் பிள்ளைகளோட தரையில உக்காந்திருக்கேன். நாள் முழுக்கக் குறுக்கிடுறதுதான் என் வேலை. ஒருத்தன் மூக்கத் தொடைக்கணும், ஒருத்தி தலமுடிய இன்னொருத்தி கையில இருந்து விடுவிக்கணும். இது எனக்குக் கொள்ளாம், பிடிச்சிருக்கு.

ஆனா சில நேரம், உணவு இடைவேளையில, வராந்தாத் தூணுல சாஞ்சுட்டு சும்மா பாத்துட்டே நிப்பேன். தனியா விளையாடுறது, வேடிக்கை பாக்குறது, பக்கத்துல விளையாடுறது, சேந்து விளையாடுறது. நம்ம குறியீடு எல்லாம் மனசுல தானா ஓடும். அந்தப் பழக்கம் போகல.

உன் அம்மா அம்புஜம் மாமி எப்படி இருக்காங்க? ஞாயித்துக்கிழமை ஹாஸ்டல் சாப்பாட்டுல இருந்து என்னக் காப்பாத்துனது அவங்க வெச்ச ரசம்.

ப்ரீதா


ஆர்.கே.புரம்
6 ஜனவரி 2025

அன்புள்ள ப்ரீதா,

கிடைத்துவிட்டாள்.

அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். கடைசி வரைக்கும், “அந்த நாகர்கோவில் பொண்ணு லெட்டர் போட்டாளா?” என்று கேட்பாள். நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

அப்பா இருக்கிறார். உன் கடிதத்தில் இருந்ததைச் சொன்னேன். உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். “எந்த சங்கரநாராயணன்? மூக்குக்கண்ணாடியை நெத்திமேல தூக்கி வெச்சுண்டு அதையே தேடுவாரே, அவரா?” ஓய்வு பெற்ற தமிழ்க்காரர்கள் ஒருவரையொருவர் கண்டுபிடிக்கும் வேகத்துக்கு இணையமே தோற்றுவிடும். மலை மந்திருக்கு வருகிற சாய்ராம் மாமாவுக்கு ஒரு போன், அவர் இன்னொருவருக்கு ஒரு போன். மாலைக்குள் எண் வந்துவிட்டது. சங்கரநாராயணன் மாமாவும் மாமியும் இப்போது கோவையில் மகனோடு இருக்கிறார்கள். நம் ருக்கு, முழுப் பெயர் ருக்மிணி, குருகிராமில் ஒரு நிதி நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். பேசினேன். “கிட்வாய் நகர்ல நீ சின்ன வயசில் விளையாடின பார்க் பற்றி ஒரு புத்தகத்துக்காகப் பேச வேண்டும்” என்று மட்டும் சொன்னேன். அடுத்த ஞாயிறு காலை கோயிலுக்கு வருகிறாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. எத்தனையோ நேர்காணல் எடுத்தவள் நான்.

மாதங்கி


வடசேரி
9 ஜனவரி 2025 (ஸ்பீட் போஸ்ட்)

மாதங்கி,

மாமி போயிட்டாங்கங்குறத நாலு தடவ படிச்சேன். அதப் பத்தி இப்பம் எழுத வரல. பொறவு எழுதுறேன்.

நீ ஞாயித்துக்கிழமை பாக்குறதுக்குள்ள இது கிடைக்கணுமே. ஒண்ணே ஒண்ணுதான். “உன்னைக் கட்டி வெச்சாங்களே, ஞாபகம் இருக்கா?”ன்னு அவகிட்ட கேட்டுராத. கேள்வியிலயே பதில வெச்சா அவ அதத்தான் ஞாபகப்படுத்துவா. அவ வாயில நீயும் ஊட்டாத, நானும் ஊட்ட மாட்டேன். அவளே சொல்லட்டும். பேசாம இரு. உனக்கு அது கஷ்டம், தெரியும்.

ப்ரீதா


ஆர்.கே.புரம்
14 ஜனவரி 2025, பொங்கல்

அன்புள்ள ப்ரீதா,

உன் கடிதம் அவளைப் பார்த்து வந்த பிறகுதான் கையில் கிடைத்தது. ஆனால் நான் கட்டி வைத்ததைப் பற்றிக் கேட்கவில்லை. உன் குரல் என் மண்டைக்குள் இருந்திருக்க வேண்டும்.

காலையில் பனி. கோயில் படியில் ஈரம். நீலக் கோட்டு, காதில் கம்பியில்லாத இயர்ஃபோன், கையில் பூக்கூடை, அப்படி வந்தாள். உயரமான பெண். “மாதங்கி மேம்?” என்றாள். மேம் வேண்டாம் என்றேன். வெளியே வந்து டீ வாங்கிக்கொண்டு வெயில் படுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தோம்.

“அந்த பார்க்கில் உனக்கு என்ன நினைவிருக்கிறது?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

சறுக்குமரத்தில் விழுந்து பல் உடைந்தது சொன்னாள். ஒரு பழுப்பு நாய் சொன்னாள். பிறகு, “நான் அவ்வளவா விளையாட மாட்டேன். குழாய் பக்கத்துல நின்னுண்டிருப்பேன்” என்றாள்.

உனக்கு நினைவிருக்கிறதா, நம் இருவர் தாள்களிலும் அவள் பெயருக்கு, இல்லை, எண்ணுக்கு நேரே எப்போதும் ஒரே குறி. தனியாக நின்று வேடிக்கை பார்த்தல். மற்றவர்கள் சேர்த்துக்கொள்ளாத குழந்தை என்று சாரிடம் சொன்னோம்.

“ஏன் அங்கே?” என்று கேட்டேன்.

“அங்கேர்ந்துதான் பெஞ்ச் தெரியும். ரெண்டு அக்கா வருவா. ஒரே இயர்ஃபோன்ல ரெண்டு பேரும் பாட்டு கேப்பா. கேட்டுண்டே ஏதோ எழுதிப்பா. நான் பாட்டு எழுதறான்னு நினைச்சேன். நடுநடுவில அப்படிச் சிரிப்பா! தமிழ்ல பேசுவா. வீட்டையும் கோயிலையும் விட்டா நான் தமிழ் கேட்டது அங்கதான். ஸ்கூல்ல, பார்க்ல, எல்லாம் ஹிந்திதானே. தண்ணி குடிக்கற மாதிரி நின்னுண்டு கேட்டுண்டே இருப்பேன்.”

அவளே நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “ஒரு நிமிஷம். நீங்களா?”

ஆமாம் என்றேன்.

“அரே! நிஜமாவா? என்ன பாட்டுக்கா அது? எத்தனை நாள் யோசிச்சிருக்கேன் தெரியுமா?”

“பாட்டு இல்லைம்மா. பீப்.”

“பீப்?”

“நேரம் காட்டுகிற பீப். அது அடித்தால் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று எழுதுவோம்.”

டீ கையில் ஆட ஆடச் சிரித்தாள். நானும் சிரித்தேன், ப்ரீதா. டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

கடைசியில் நானே சொன்னேன், மஃப்ளரை. அவள் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள். “அப்படியா? எனக்கு ஞாபகமே இல்லியே. அம்மாகூடச் சொன்னதில்லை.” டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, “ஒரு அக்கா என் கையைப் பிடிச்சுண்டு வீட்டுக்குக் கூட்டிண்டு போனா. அது இருக்கு. அவ கை சூடா இருந்தது. எல்லாப் பசங்களும் பாத்தா. எனக்குப் பெருமையா இருந்தது. எதுக்குப் போனோம்னு தெரியாது. அதுக்கப்புறம் அக்காக்கள் வரவே இல்லை. நான் ரொம்ப நாள் போய் நின்னேன்” என்றாள்.

டீக் குவளைகளை நானே கொண்டுபோய்க் கடையில் வைத்துவிட்டு வந்தேன்.

பிறகு அந்தப் பத்தியைக் கொடுத்தேன். தமிழ் படிக்க அவளுக்கு நேரமாகிறது. விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். இரண்டாம் தடவையும் படித்தாள். மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“வேண்டாம்க்கா.”

“பெயர் போட மாட்டேன்.”

“அதுக்கில்லை. இதுல நான் யாரு? யாரோ அடிக்கற, யாரோ காப்பாத்தற ஒரு குழந்தை. என் பார்க் அப்படி இல்லை. இதைப் படிச்சா இனிமே எனக்கு அதுதான் ஞாபகம் வரும். எனக்கு என்னோடதே போதும். கோவமா?”

“இல்லை. வேண்டாம் என்று நீ சொல்ல முடிய வேண்டும் என்பதற்காகத்தான் கேட்பதே” என்றேன். அதை வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அன்றுதான் அதன் கனம் தெரிந்தது.

மெட்ரோவுக்கு நடக்கும்போது கேட்டாள்: “அந்த இன்னொரு அக்கா எங்க இருக்கா? நீங்க ரெண்டு பேரும் இன்னும் அப்படியே சிரிச்சுப்பேளா?”

என்ன பதில் சொன்னேன் என்று கேட்காதே.

மாதங்கி


வடசேரி
25 ஜனவரி 2025

ஏட்டி மாதங்கி,

உன் கடிதத்த ஸ்கூல்ல வெச்சுப் படிச்சிருக்கக் கூடாது. பிள்ளைகள் பூரா என்னச் சுத்தி நின்னுட்டு, “டீச்சர் அழுதா, இல்ல டீச்சர் சிரிக்கா”ன்னு ரெண்டு கட்சியாப் பிரிஞ்சுட்டு. அவங்களுக்குள்ள ஒத்துப்போகல.

நமக்கு எப்படி ஒத்துப்போச்சு, ஞாபகம் இருக்கா? ருக்கு விஷயத்துல உன் தாளும் என் தாளும் அச்சு அசலா ஒண்ணு. சார் கூடப் பாராட்டுனாரு, ரெண்டு பேரும் நல்ல கவனிப்பாளர்னு. அவ குழாய்க்கிட்ட நின்னத நாம சரியாத்தான் பாத்தோம். எதுக்கு நின்னான்னுதான் ரெண்டு பேரும் ஒண்ணு போலத் தப்பா நெனச்சோம். அவ நிக்குறது நமக்குத் தெரிஞ்சுது, அவ நம்மளப் பாக்குறது தெரியல. ரெண்டு பேரு ஒரே மாதிரி சொன்னா அது உண்மைன்னு ஆயிருமா? இத உன் புத்தகத்துல போடு. பாதிப் பிள்ளைகள் பரிட்சையில இதத்தான் கொழப்பும்.

பிள்ளைகளோட விளையாட்டக் கெடுத்தது நான் போனதுதான்னு சாரு சொன்னாரு. நான் எந்திரிச்சுப் போறதுக்கு முன்னாலயே ஒரு பிள்ளையோட சாயங்காலத்த நம்ம சிரிப்பு கெடுத்து வெச்சிருக்கு. கெடுத்துச்சுன்னு சொல்லலாமா? வேற சொல்லு கிடைக்கல.

ஒண்ணு மட்டும் சொல்லீட்டுப் போறேன். அவளுக்கு ஞாபகம் இல்லங்குறதால அது நடக்கலன்னு ஆகாது. அவ வாயத் தொறந்தா, சத்தம் வரல. அத நான் பாத்தேன். இன்னைக்கு அந்த பெஞ்சுல உக்காத்தி வெச்சாலும் எந்திரிச்சுப் போவேன். நீயும் உன் பக்கத்தை விட மாட்ட. விட வேண்டாம்.

என் கை சூடா இருந்துச்சாமே. எனக்கு அவ கை ஐஸ் மாதிரி இருந்தது ஞாபகம் இருக்கு. அத நான் உன்கிட்ட சொன்னதே இல்ல.

மாமிக்காக வடிவீஸ்வரம் கோயில்ல ஒரு விளக்கு போட்டேன். அந்த ரசத்துல என்னத்தப் போடுவாங்கன்னு கேக்காமலே விட்டுட்டேன் பாரு.

அவ கேட்டதுக்கு என்ன பதில் சொன்ன? நான் கேப்பேன்.

உன் ப்ரீதா


ஆர்.கே.புரம்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள ப்ரீதா,

“ஊருக்குப் போயிருக்கிறாள்” என்று சொன்னேன். போதுமா?

மூன்றாம் அத்தியாயத்தை முழுக்கக் கிழித்துப் போட்டேன். பதிப்பகத்தார் தினமும் கேட்கிறார்கள், ஜல்தி ஜல்தி என்று. ருக்குவின் கதை இனி அதில் வராது. அவள் வேண்டாம் என்றுவிட்டாள், அவ்வளவுதான். ஆனால் போகும்போது இன்னொன்று சொன்னாள். அதைப் போன கடிதத்தில் எழுதத் தயக்கமாக இருந்தது. “உங்க ரெண்டு பேரைப் பத்தி எழுதுங்களேன்” என்றாள்.

வேறு பூங்கா, வேறு ஊர் என்று மாற்றி, எந்தக் குழந்தையின் கதையும் இல்லாமல், இரண்டு கவனிப்பாளர்களைப் பற்றி எழுதலாம் என்று நினைக்கிறேன். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே காட்சியைப் பார்த்த இரண்டு பேர். ஒருத்தி எழுந்து போனாள், ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். இரண்டையும் அப்படியே வைத்துவிட்டு, நீயாக இருந்தால் என்ன செய்வாய் என்று மாணவர்களிடம் கேட்க வேண்டும். தீர்ப்பு எழுதப் போவதில்லை. எழுதத் தெரியவும் இல்லை.

உட்கார்ந்திருந்தவளின் பக்கத்தை நான் எழுதிவிடுவேன். எழுந்து போனவளின் பக்கத்தை நான் எழுதினால் மறுபடியும் “எண்ணி” என்று எதையாவது எழுதிவைப்பேன். நீ எழுது. உன் பெயரோடு. அத்தியாயம் நம் இருவருடையதாக இருக்கட்டும். உன் தமிழில் அந்த ஊஞ்சல் கம்பம் ஆடுகிறது, என் தமிழில் எல்லாம் அகராதி வாசனை.

முறைப்படி கேட்க வேண்டும் என்பதால் என் மாணவர்கள் பயன்படுத்துகிற ஒப்புதல் வாசகத்தையே உனக்கும் எழுதுகிறேன்: இதில் பங்குபெறுவது உங்கள் விருப்பம். எப்போது வேண்டுமானாலும், காரணம் எதுவும் சொல்லாமல், நீங்கள் விலகிக்கொள்ளலாம். அதனால் உங்களுக்கு எந்தப் பாதகமும் வராது.

உன் மாதங்கி


வடசேரி
20 பிப்ரவரி 2025

ஏட்டி,

என் பக்கம் எழுதி இதோட வெச்சிருக்கேன். பென்சில்லதான் எழுதியிருக்கேன், ஒண்ணாம் கிளாஸ் டீச்சர் கையில வேற என்ன கிடைக்கும்? “குறுக்கிடலாகாது”ன்னு எங்கயாவது நீ போட்டிருக்கன்னு தெரிஞ்சா வந்து அழிச்சுருவேன்.

ஏப்ரல் கடைசியில பள்ளிக்கு லீவு. டெல்லி வெயில் மண்டையப் பொளக்கும்னு தெரியும். பரவாயில்ல. டிக்கெட் போட்டாச்சு, நிஜாமுதீனுக்கு. அப்பாகிட்ட சொல்லு, ருக்குகிட்டயும் சொல்லு. அவ விருப்பப்பட்டா வரட்டும்.

ஒப்புதல் வாசகம் படிச்சேன். காரணம் சொல்லாம எப்பம் வேணும்னாலும் விலகலாம்னு போட்டிருக்க. ஒரு தடவ அப்படித்தான் விலகுனேன். எந்தப் பாதகமும் வராதுங்குறது மட்டும் பொய், மாதங்கி.

இந்தத் தடவ நான் இருக்கேன்.

ப்ரீதா